வாண்டரூ என்பது எந்தக் குரங்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். போன வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே சொல்லுக்கு இரண்டு அகராதிகளில் இரண்டு பொருளைப் பார்த்துவிட்டுச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். சொல், வாண்டரூ. ஒரு அகராதியில் அது இலங்கையில் வாழும் நீண்ட வால் குரங்கு. இன்னொன்றில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கு. "ரெண்டும் சரி" என்று நான் சொன்னதை ரெண்டு பேருமே ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டும் எப்படி மிஸ் சரியா இருக்கும்?" என்றார்கள். நியாயமான கேள்வி. அன்று தொடங்கிப் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வருகிற பெற்றோரும் கேட்டவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், வாண்டரூ என்றால் என்ன?

குரங்குக்கு ஆங்கிலத்தில் வழங்கிய ஒரு பழைய பெயர். முதலில் அது இலங்கையின் ஊதாமுக லங்கூரை, அதாவது இலை தின்னும் நீண்ட வால் குரங்கைக் குறித்தது. பிறகு, தவறுதலாக, நம் பக்கத்துச் சிங்கவால் குரங்குக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைய ஆங்கில அகராதிகள் பலவற்றில் இரண்டு பொருளும் இருக்கும்.

எப்படி உச்சரிப்பது? எழுத்துகள் என்ன?

டபிள்யூ, ஏ, என், டி, இ, ஆர், ஓ, ஓ. எட்டு எழுத்து. அழுத்தம் கடைசியில் வரும் 'ரூ'வில் விழும். கங்காரூ என்று சொல்லும்போது இழுக்கிறோமே, அந்த மாதிரி. பழைய புத்தகங்களில் கடைசி எழுத்துகள் மாறி மாறி இருக்கும். சிலர் 'ஓ டபிள்யூ' என்று முடித்தார்கள், சிலர் வெறும் 'யூ' போட்டார்கள். காதில் விழுந்ததை அவரவர் எழுதிவைத்த காலம் அது. பிழை என்று அடித்துவிட வேண்டாம்.

இது ஆங்கிலச் சொல் மாதிரியே இல்லையே, எங்கிருந்து வந்தது?

சிங்களத்திலிருந்து. சிங்களத்தில் 'வந்துரா' என்றால் குரங்கு, அதிலும் குறிப்பாக நீண்ட வாலும் கருத்த முகமும் உள்ள இனம். அதற்கு மூலம் வடமொழியின் 'வானர'. நாம் வானரம், வானரப் படை என்கிறோமே, அதே சொல்தான். இந்தியின் 'பந்தர்' என்பதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 'வ', 'ப'வாக மாறியது வட இந்திய மொழிகளில் பரவலாக நடப்பது.

நடுவில் 'த'வோ 'ட'வோ எங்கிருந்து முளைத்தது என்று ஒரு பையன் கேட்டான். நல்ல காது அவனுக்கு. 'ன்' என்று சொல்லி உடனே 'ர' சொல்ல நாக்கு போகும்போது நடுவில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போகும். 'கன்று', 'ஒன்று' என்று எழுதுகிறோம், வாயில் என்ன வருகிறது என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'ன்'னுக்கும் 'று'வுக்கும் இடையில் ஒரு 'ட்' ஒளிந்திருக்கும். எழுத்தில் இல்லை, வாயில் உண்டு. 'வானர' சிங்களத்தில் 'வந்துரா'வாகவும் இந்தியில் 'பந்தர்' ஆகவும் போனதும் இப்படி நாக்கு போன வழிதான்.

இந்தச் சொற்களைக் கேட்க நமக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. சௌகார்பேட்டையில் நகைக்கடையில் வேலை பார்க்கிற ஒருவரின் மகள் என்னிடம் படிக்கிறாள். 'பந்தர்' என்று போர்டில் எழுதியதுமே, கடைப் பிள்ளைகள் சண்டையில் இப்படித்தான் திட்டிக்கொள்வார்கள் என்று அப்பா சொன்னதைச் சொன்னாள். 'வந்துரா'வுக்குச் சாட்சி புழல் பக்கம் இருக்கிற ஓர் ஆயா. நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். பேரனைக் கூட்டிப்போக வந்தவரிடம் கேட்டேன்.

"வந்துரா தெரியாமயாமா? லயத்துக்குப் பின்னாடி மரத்து உச்சியிலயே குந்திக்கிட்டு இருக்கும். தழையத்தான் திங்கும். கீழ எறங்கி வந்து சோத்துப் பானையைத் தொறக்குறது ரிலவா. அதுதான் பொல்லாதது" என்றார்.

ரிலவா என்பது அங்கே வாழும் இன்னொரு குரங்கு. இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏன் என்பதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோனவர் யார்?

ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கில மாலுமி. கதையில் நம் ஊரும் வருகிறது. 1659 நவம்பரில், மசூலிப்பட்டினத்துக் கடலில் நின்றிருந்த அவர்களுடைய கப்பல் புயலில் சிக்கியது. கப்பலைக் காப்பாற்றப் பாய்மரத்தை வெட்டிவிட வேண்டியதாயிற்று. திரிகோணமலைக்குப் பக்கத்துக் கொட்டியாறு விரிகுடாவுக்குப் போய், அங்கே துணி வியாபாரம் செய்துகொண்டே பாய்மரத்தையும் சரிசெய்யுங்கள் என்று உத்தரவு போனது எங்கிருந்து? நம் ஜார்ஜ் கோட்டையிலிருந்து. பாரிமுனைக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் தெரிகிறதே, அதே கோட்டை.

கொட்டியாற்றில் 1660-இல் கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் நாக்ஸையும், கப்பல் தலைவரான அவருடைய அப்பாவையும், கூட இருந்தவர்களையும் பிடித்துக்கொண்டார்கள். அப்பா காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார். மகன் பத்தொன்பது வருஷத்துக்கு மேல் மலைநாட்டுக் கிராமங்களில் கழித்தார். குல்லாய் பின்னினார், ஊர் ஊராகச் சில்லறை வியாபாரம் செய்தார், சிங்களம் பேசினார். 1679-இல் காட்டு வழியே தப்பி, மன்னார் பக்கத்து அரிப்புக் கோட்டையில் டச்சுக்காரர்களிடம் வந்து சேர்ந்தார். ஊர் திரும்பி 1681-இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 'வாண்டரோ' என்ற சொல் அதில்தான் ஆங்கில வாசகர் கண்ணில் பட்டது.

அதில் அவர் சொல்வதன் சாரம்: சாம்பல் கலந்த கருநிற உடம்பு, கருத்த முகம், ஒரு காதிலிருந்து மறு காதுவரை வெள்ளைத் தாடி, பார்த்தால் கிழவன் மாதிரியே இருக்கும். இவை தொந்தரவு செய்வதில்லை, காட்டிலேயே இருந்து இலையும் மொட்டும் தின்னும். தாடி இல்லாத 'ரில்லோ' என்ற இன்னொரு சாதி இருக்கிறது, சேட்டையெல்லாம் அதனுடையது.

புழல் ஆயா இந்தப் புத்தகத்தைப் பார்த்தவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொன்னதும் இதுவேதான். வந்துரா தழை தின்னும், ரிலவா சோறு திருடும். முந்நூறு வருஷ இடைவெளியில் அதே மலையில் வாழ்ந்த இரண்டு பேர் ஒரே மாதிரி சாட்சி சொல்கிறார்கள். சொல்லின் பொருளைத் தேடும்போது, அந்தப் பிராணியோடு ஒரே மலையில் வாழ்ந்தவர் வாய்மொழியை நான் அகராதிக்கு ஒரு படி மேலே வைப்பது இதனால்தான்.

அப்படியானால் சிங்கவால் குரங்குக்கு அந்தப் பெயர் எப்படிப் போனது?

புத்தகம் வழியாக. பிரான்சில் புஃபோன் என்ற பெரிய இயற்கை ஆய்வாளர் இருந்தார். உலகத்து மிருகங்களையெல்லாம் எழுதிவைக்க முயன்றவர். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ அவர் வந்ததில்லை. கருத்த முகம், நரைத்த தாடி என்று நாக்ஸ் சொன்ன அடையாளம் சிங்கவால் குரங்குக்கும் பொருந்துகிறது அல்லவா? 1766-இல் வெளியான தன் தொகுதியில் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். அவருடைய கையில் பெயர் 'உவாண்டரு' என்று பிரெஞ்சு உருவம் எடுத்தது. அவரைப் படித்து எழுதியவர்கள் அப்படியே தொடர்ந்தார்கள்.

இலங்கையில் சிங்கவால் குரங்கு கிடையாது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்றின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் 1861-இல் இந்தக் குழப்பத்தை எடுத்துச் சொன்னார். ஆனால் அச்சில் ஏறிய பெயரைப் பிறகு இறக்க முடியவில்லை.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்த ஒன்று, இரண்டு குரங்கின் அறிவியல் பெயரிலும் கிழவன் இருக்கிறான். சிங்கவால் குரங்குக்கு ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் 1758-இல் வைத்தது 'சிலேனஸ்'. கிரேக்கக் கதையில் வரும் தாடிக்காரக் கிழவனின் பெயர் அது. ஊதாமுக லங்கூருக்கு 1777-இல் கிடைத்தது 'வெட்டுலஸ்'. லத்தீனில் வயதானது என்று பொருள். நாக்ஸுக்கும் கிழவன்தான் தெரிந்தான். பார்த்தவர் எல்லோருக்கும் முதலில் பட்டது அந்தத் தாடி. குழப்பம் வந்ததும் அதே தாடியால்தான்.

படத்தைப் பார்த்து எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள். வாலைப் பாருங்கள்.

சிங்கவால் குரங்கின் வால் உடம்பைவிடக் குட்டை, நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல ஒரு குஞ்சம். ஊதாமுக லங்கூரின் வால் உடம்பைவிட நீளம், கிளையில் உட்கார்ந்தால் கயிறு தொங்குவதுபோலத் தொங்கும். தாடியிலும் வித்தியாசம் உண்டு. சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றிப் பிடரி மயிர் வெள்ளி நிறத்தில் சிலிர்த்து நிற்கும். லங்கூரின் கன்னமீசை பின்பக்கமாகப் படிந்திருக்கும்.

சாப்பிடுவதைப் பார்க்க முடிந்தால் இன்னும் நிச்சயமாகச் சொல்லலாம். சிங்கவால் குரங்குக்குக் கன்னத்துக்குள் பை உண்டு. நம் ஊர் நாட்டுக்குரங்குக்கும் உண்டு. வாழைப்பழத்தை வாங்கி ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஓடுமே, அந்தப் பை. லங்கூர்களுக்கு அது இல்லை. அவற்றுக்கு அறை அறையாகப் பிரிந்த பெரிய இரைப்பை. தின்ற இலை அதில் ஊறிப் புளித்துத்தான் செரிக்கும். தழை தின்னும் குரங்கு மதியமெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருப்பது அதற்காக.

புத்தகத்தில் வாண்டரூ என்று வந்தால் எந்தப் பொருளை எடுப்பது?

இடத்தைப் பாருங்கள். கதை கண்டியிலோ நுவரெலியாவிலோ நடந்தால் லங்கூர். மலபார், திருவிதாங்கூர், ஆனைமலை என்று வந்தால் சிங்கவால். இடமே சொல்லாமல் ஐரோப்பிய மிருகக்காட்சி சாலையைப் பற்றிய பழைய கட்டுரையாக இருந்தால் பெரும்பாலும் சிங்கவால்தான், புஃபோன் போட்ட தடம் அப்படி. இன்றைய அறிவியல் கட்டுரைகளில் இந்தச் சொல் அநேகமாக வராது. பேச்சு ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. பரீட்சைக் கட்டுரையில் 'மங்கி' என்று எழுதவேண்டிய இடத்தில் இதை எழுதாதீர்கள்.

சுற்றித் திரிவதால் 'வாண்டர்' என்ற சொல்லிலிருந்து வந்ததா? நம்ம 'வாண்டு'க்கும் சம்பந்தம் உண்டா?

இரண்டும் இல்லை. சுற்றித் திரிவதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'வாண்டர்' அந்த மொழியின் பழைய சொந்தச் சொல். சேட்டைக்காரப் பிள்ளையை 'வாண்டு' என்பது நம்முடையது. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான் பிடிமானம்.

தமிழில் இதற்கு என்ன பேர்?

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். ராயபுரத்திலிருந்து வருகிற ஓர் அம்மா கேட்டார்.

ஒரே பெயரை இரண்டு குரங்குக்கு வைத்துவிட்டு ஐரோப்பா திண்டாடியது. நம் முன்னோர் இதைத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியலில் ஒரு வரி: 'குரங்கும் முசுவும் ஊகமும் மந்தி.' இந்த மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்று பெயர் என்பது பொருள். இலக்கணம் சொல்ல வந்த இடத்தில், குரங்கு வேறு, முசு வேறு, ஊகம் வேறு என்று போகிறபோக்கில் தெரிந்துவிடுகிறது. ஆண் குரங்கு கடுவன். ஆண் முசு கலை.

முசு என்பது கருத்த முகமுள்ள லங்கூர். குறுந்தொகை 121-ஆம் பாட்டில் கபிலர் 'மைபட்டன்ன மாமுக முசுக்கலை' என்கிறார். மை பூசியதுபோலக் கருத்த முகமுள்ள ஆண் முசு. அது தாங்காத கிளையில் பாய்ந்துவிட, கிளை முறிகிறது. குரங்கைக் கூர்ந்து பார்க்காதவர் அந்த வரியை எழுதியிருக்க முடியாது. ஆகவே நாக்ஸின் வாண்டரூவைத் தமிழில் சொல்லவேண்டுமானால் 'இலங்கை முசு' என்பேன். புஃபோனின் வாண்டரூவுக்குச் சிங்கவால் குரங்கு, சோலைமந்தி என்ற இரண்டு பெயரும் வழக்கில் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது சோலைமந்தி. ஈர மழைக்காட்டைத்தான் நம் மலைக்காரர்கள் சோலை என்கிறார்கள், அது வாழும் இடம் பெயரிலேயே இருக்கிறது.

முசு என்ற சொல் செத்துப்போன ஒன்று என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் போகிற பெரியவர்களிடம் முசுகுந்தச் சக்கரவர்த்தி கதையைக் கேட்டுப் பாருங்கள். திருவாரூருக்குத் தியாகராஜரைக் கொண்டுவந்ததாகப் புராணம் சொல்லும் அந்த அரசனுக்குக் குரங்கு முகம் என்பார்கள்.

கருங்குரங்கு என்கிறோமே, அது இதுதானா?

இல்லை, அது மூன்றாவது. நீலகிரி லங்கூரைத்தான் கருங்குரங்கு என்பார்கள். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன், இலை தின்னி. கருத்த உடம்பு, மஞ்சள் கலந்த பழுப்புத் தலை. கருங்குரங்கு லேகியம் என்று விற்றுவிற்றே அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். அந்த லேகியத்தால் எந்த நோயும் தீராது. சிங்கவாலும் கருங்குரங்கும் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம். யாராவது ரோட்டோரத்தில் விற்றால் வாங்காதீர்கள்.

இந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முதல்முறை சிங்கவால் படத்தைக் காட்டியபோது பின்வரிசைப் பையன் ஒருவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்து "டேய், உன் போட்டோடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை நல்ல கருப்பு. அப்பா காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர். நோட்டை மூடி வைத்தவன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் நானே வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அவன் அப்பா, விஷயத்தைக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. அந்த ஊசி தரையில் கிடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. படத்தைக் காட்டும் முன் நான் பேசியிருக்க வேண்டும். இப்போது முதலில் பேசுகிறேன், பிறகுதான் படம். உங்கள் வகுப்பிலும் அப்படிச் செய்யுங்கள் என்று மற்ற டியூஷன் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் இதைப் போடலாமா?

தாராளமாக. டபிள்யூ 4, டி 2, மற்ற ஆறு எழுத்துக்கும் ஒவ்வொன்று, ஆக 12. எட்டு எழுத்து என்பதால் பலகையில் ஏற்கெனவே உள்ள ஓர் எழுத்தோடு கையிலுள்ள ஏழையும் சேர்க்கவேண்டும், அப்படிச் சேர்த்தால் கூடவே 50. பன்மைக்கு ஓர் எஸ்.

சிங்கவால் காட்டில் என்ன செய்கிறது? இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் ஆபத்தில். மரத்தை விட்டு அதிகம் இறங்காத பிராணி. பழமும் பூச்சியும் தின்னும். வெடிப்பலா என்ற மரத்தின் காய் அதற்கு உயிர். பலாவைப் போல முள்ளாக இருக்கும் அதைப் பிளந்து விதையை எடுத்துத் தின்னும். காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டதில் சோலைகள் துண்டு துண்டாகிவிட்டன. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக மரம் இல்லை, ரோடுதான் இருக்கிறது. வால்பாறையில் ரோட்டைக் கடக்கும் சிங்கவால்களுக்காக மேலே பாலம்போலக் கட்டியிருக்கிறார்கள். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாது என்று நடந்த போராட்டத்தின் முகமே இந்தக் குரங்குதான். அந்தக் காடு 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சென்னையில் எங்கே நேரில் பார்க்கலாம்?

வண்டலூரில். முந்தி நம் பக்கத்திலேயே, சென்ட்ரலுக்கு அருகில், மூர் மார்க்கெட்டை ஒட்டிய பூங்காவில் மிருகக்காட்சி சாலை இருந்தது. எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ் என்று நம் தாத்தா பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். 1985-இல் வண்டலூரில் திறந்தார்கள். வண்ணாரப்பேட்டைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி பிடித்தால் வண்டலூரிலேயே இறங்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

போன தடவை பிள்ளைகளோடு புழல் ஆயாவும் வந்தார். சிங்கவால் குரங்கின் முன்னால் நின்று, "ஆயா, உங்க ஊர் வந்துரா இதுதானா?" என்று பேரன் கேட்டான். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அது ஒரு பழத்தை வாயில் போட்டது, கன்னம் ஒரு பக்கம் புடைத்தது.

"இது வந்துரா இல்லடா" என்றார். "கன்னத்தப் பாரு. இது ரிலவா சாதி."

ஆயா சொன்னது அறிவியல்படியும் சரி. சிங்கவாலும் ரிலவாவும் ஒரே பேரினம், கன்னத்தில் பை உள்ள மக்காக்.